வலைப்பூவும் வலையொலியும்: ஆசிரியர்களுக்கு முதலில் எதைக் கற்றுத்தருவது?

பதிவு 1
காட்பாடிப் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். மாணவர்களைக் கொண்டு வலைப்பூ எழுதச் செய்வதற்கும், பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி நிகழ்ச்சிகளைத் தயாரிக்கச் செய்வதற்கும் எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களைப் பழக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் சனிக்கிழமைகளில் பயிற்சி நடைபெறும். வரவிருக்கும் ஆசிரியர்களில் பலர் கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்யவும் காணொலி பகிரவும் நன்றாகவே அறிந்தவர்கள்; கருவியைக் கண்டு மிரள்பவர்கள் என்று அவர்களை நான் கருதவில்லை.

என் தயக்கம் வேறு. முன்பு நடந்த கணினிப் பயிற்சிகளின்போது தொடங்கப்பட்ட பள்ளி வலைப்பூக்கள் சிலவற்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் வரவேற்புப் பதிவு ஒன்றும், குடியரசு நாள் கொடியேற்றப் படம் ஒன்றும் இருந்தன. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கணக்குத் தொடங்குவது, பக்க வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது, தலைப்புப் படம் வைப்பது ஆகியவற்றை அந்தப் பயிற்சிகள் ஒழுங்காகவே கற்றுத்தந்திருக்கின்றன. ஆனால் திங்கட்கிழமை காலை எட்டாம் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் அந்த வலைப்பூவைக் கொண்டு எந்தப் பாடத்தில், யாரை, என்ன செய்யச் சொல்வது என்பது அங்கே பேசப்படவே இல்லை என்று தோன்றுகிறது. எழுத்திலிருந்து தொடங்குவதா, ஒலியிலிருந்து தொடங்குவதா? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2
குடியாத்தம் தமிழாசிரியை

ஐயா, ஒலியிலிருந்து தொடங்குங்கள். கேட்கப் போகிறவர்கள் யார் என்பதை வைத்தே இதைச் சொல்கிறேன். எங்கள் மாணவிகளின் தாய்மார்களில் பலர் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். சிலர் தறி வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகிறார்கள். கையும் கண்ணும் வேலையில் இருக்கும் அவர்களால் மகள் எழுதிய கட்டுரையைக் கைப்பேசியில் திறந்து படிக்க இயலாது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களும் உண்டு. ஆனால் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் நேரத்தில் நான்கு நிமிட ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்க முடியும். கேட்டார்கள்; பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். தான் சொன்னதை ஆசிரியர் அல்லாத ஒருவர் முழுவதும் கேட்டார் என்று அறிந்த மாணவி, அடுத்த முறை எழுதும்போது காட்டும் அக்கறையை மதிப்பெண் காட்டி வரவழைக்க முடியாது.

நாங்கள் செய்யும் முறை இது. வகுப்பை ஐவர் ஐவராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஊருக்குள்ளேயே விடை கிடைக்கக்கூடிய சிறிய பொருள் ஒன்றைத் தருகிறேன்: தறியில் லுங்கிக்குப் பாவு எப்படி ஓட்டுகிறார்கள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தைய வாரத்தில் ஊரில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன, 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஆற்றோரத்தில் இருந்தவர்கள் எங்கே போய்த் தங்கினார்கள் என்பன போன்றவை. குழு தனக்குரிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிவருகிறது. ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடக்கூடிய கேள்விகளை வகுப்பே அடித்துவிடும். நேர்காணல் முடிந்தபின் அதை இணைக்கும் ஒரு பக்க உரையை மாணவிகள் எழுதி, பதிவு செய்வதற்கு முன் குழுவுக்குள் உரக்க வாசிக்கிறார்கள்.

இந்த உரக்க வாசிக்கும் கட்டத்தில்தான் பாடம் நடக்கிறது. மூச்சு முட்டும் வாக்கியத்தை நான் சிவப்பு மையால் சுற்ற வேண்டியதில்லை. வாசிக்கும் பெண்ணே நிறுத்தி இரண்டாக்கிக்கொள்கிறாள். துணைநூலிலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ எடுத்துவந்த வரிகளும் இங்கே வெளிப்பட்டுவிடும், ஏனெனில் கேட்கும் தோழிகளுக்கு அது அவள் பேச்சு அல்ல என்று உடனே தெரிகிறது. நேர்காணல் தருபவர் தம் வழக்கிலேயே பேசட்டும், இணைப்புரை மட்டும் பொதுத்தமிழில் இருக்கட்டும் என்பது எங்கள் வகுப்பு ஏற்றுக்கொண்ட விதி. இறுதி வடிவம் பெற்ற உரையே வலைப்பூவில் ஏறுகிறது. ஆக, வலைப்பூ என்பது தனியான இன்னொரு வேலை அன்று.

பயிற்சியின் முதல் நாளில் கணினியைத் திறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆசிரியர்களை இருவர் இருவராக அமரவைத்து, ஒருவரை ஒருவர் மூன்று நிமிடம் நேர்காணல் செய்து கைப்பேசியில் பதியச் சொல்லுங்கள். தம் குரலைத் தாமே கேட்கும்போது ஏற்படும் கூச்சம் எத்தகையது என்பதை அவர்களும் உணரட்டும். பின்னால் வகுப்பில் வாய் திறக்க மறுக்கும் பிள்ளையிடம் கோபப்படமாட்டார்கள்.

பதிவு 3
ஆற்காடு தலைமையாசிரியர்

அம்மையாரின் ஆர்வத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பயிற்சி அளிப்பவர் சில கசப்பான கேள்விகளுக்கு விடையோடு வர வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவது, நேரம். எமிஸ் எனப்படும் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம், நலத்திட்டப் பட்டியல்கள், தேர்வுப் பணி ஆகியவற்றுக்கு நடுவில் பாடத்தை முடிக்கவே மூச்சு வாங்கும் ஆசிரியரிடம், மாலையில் அமர்ந்து ஒலியை வெட்டி ஒட்டுங்கள் என்று சொல்வது எந்த விதத்தில் உதவி? இரண்டாவது, கருவி. எங்கள் பள்ளியில் மாணவர்கள் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. ஆகவே ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியும் அவருடைய இணையத் தரவும்தான் செலவாகும்.

மூன்றாவதுதான் என்னைப் பெரிதும் கவலைப்படுத்துகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. பெயர், வகுப்பு, பள்ளி, புகைப்படம் ஆகிய நான்கும் ஒரே பதிவில் இருக்கும் வலைப்பூக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் குழந்தை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதை ஊரறிய அறிவித்துவிட்டு, பிறகு அதன்கீழ் யாரோ ஒருவர் தகாத கருத்து எழுதிவிட்டால், பெற்றோர் வந்து நிற்பது என் அறையில்தான்.

பதிவு 4
காட்பாடிப் பயிற்றுநர்

தலைமையாசிரியர் ஐயாவின் மூன்றாவது கேள்வியை முதலாவதாக வைத்துக்கொள்கிறேன். முழுப்பெயருக்குப் பதிலாக முதலெழுத்தோ குழுவின் பெயரோ போதும். முகம் தெரியும் படம் தேவையில்லை, செய்த பொருளையோ இடத்தையோ படம் எடுத்தால் போதும். பெற்றோர் இசைவுப் படிவத்தில் எழுத்து, குரல், படம் என மூன்றுக்கும் தனித்தனியே ஒப்பம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்; எழுத்துக்குச் சம்மதிக்கும் பெற்றோர் குரலுக்கு மறுக்கலாம், அவ்வாறு மறுக்கும் வீட்டுப் பிள்ளை உரை எழுதுபவராகவோ கேள்வி தயாரிப்பவராகவோ குழுவில் முழுப் பங்கு பெற முடியும்.

நேரத்தைப் பற்றிய கேள்விக்கும் கருவியைப் பற்றிய கேள்விக்கும் வகுப்பில் இருப்பவர்களே விடை சொல்வது பொருத்தம்.

பதிவு 5
ராணிப்பேட்டை கணினிப் பயிற்றுநர்

கருவியைப் பற்றி நான் சொல்கிறேன். பிளாகர் என்ற வலைப்பூத் தளம் இலவசமானது, விளம்பரம் போடுமாறு வற்புறுத்தாதது, கைப்பேசி உலாவியிலேயே இயங்குவது. 1999-இல் தொடங்கி 2003-இல் கூகுள் வாங்கிய சேவை, இன்றும் நடக்கிறது. அதன் அமைப்புகள் பகுதியில் மூன்று இடங்களை மட்டும் ஆசிரியர்களுக்குக் காட்டுங்கள். வலைப்பூவை யார் படிக்கலாம் என்பதை அனைவருக்கும், எழுதுபவர்களுக்கு மட்டும், குறிப்பிட்ட வாசகர்களுக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். தேடுபொறிகளில் தோன்றாதபடி செய்யலாம். கருத்துகள் அனைத்தும் ஆசிரியர் அனுமதித்த பிறகே வெளியாகும்படி வைக்கலாம். தலைமையாசிரியர் ஐயா அஞ்சும் தகாத கருத்து அப்போது வெளியே தெரியவே தெரியாது.

பிளாகர் ஒலிக்கோப்பை நேரடியாக ஏற்றுக்கொள்ளாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். ஒலியைக் கூகுள் டிரைவிலோ இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலோ ஏற்றி, அதன் இணைப்பைப் பதிவில் தர வேண்டும். ஆர்க்கைவில் ஏற்றுவது உலகம் முழுவதற்கும் திறந்த பொது வெளியீடு. டிரைவில் யாருக்குத் திறக்கும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் நிகழ்ச்சியாகத் தோன்ற வேண்டும் என்றால்தான் தனி ஓடை (ஆர்எஸ்எஸ் ஃபீட்) தேவைப்படும். முதல் ஆண்டில் பள்ளிக்கு அது அவசியமே இல்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போனால் போதுமானது. ஒற்றைத் தடத்தில் (மோனோ) விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்பி3-ஆகச் சேமித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மெகாபைட் ஆகும். நான்கு நிமிட நிகழ்ச்சி இரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கும். ஆசிரியரின் தரவு கரைந்துபோகும் என்ற கவலை காணொலிக்குப் பொருந்தும், ஒலிக்குப் பொருந்தாது.

பதிவு செய்வதில் நான் கண்டவரை பெரிய பகை மின்விசிறி. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அதை நிறுத்தச் சொல்வதும் நியாயமில்லை. ஆகவே காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே பதிவை முடித்துக்கொள்வது நல்லது. வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள வகுப்பறையில் எதிரொலி மிகும். நூலக அறை இருந்தால் அங்கே செல்லுங்கள். இல்லையென்றால் சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையில் பேசிப் பாருங்கள், எதிரொலியை மூட்டைகளே விழுங்கிவிடும். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். பகர ஒலிகள் வெடிப்பது குறையும். விமானப் பயன்முறையில் வைக்க மறக்க வேண்டாம். வாட்ஸ்அப் குரல்செய்தியாகப் பதிய வேண்டாம். அது ஓபஸ் வடிவில் சேமிக்கப்படுவதால் பின்னால் மாற்ற வேண்டியிருக்கும். கைப்பேசியிலுள்ள ஒலிப்பதிவுச் செயலியே போதும்.

பேசத் தொடங்குமுன் இரண்டு மூன்று விநாடி அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியை மாதிரியாகக் கொடுத்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் பின்னணி இரைச்சலைக் குறைத்துத் தரும். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால், பேசுபவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். வெட்டி ஒட்டும் வேலையை ஆசிரியர் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளையில் கற்றுக்கொடுத்துவிடலாம். அதன்பின் ஆசிரியர் கேட்டுப் பார்த்துச் சரி சொல்வதோடு நின்றுகொள்ளலாம். இன்னொன்று: பின்னணிக்குத் திரைப்பாடலின் இசையைப் போடுவதை முதல் நாளிலேயே தடுத்துவிடுங்கள். பதிப்புரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, ஊர்ப் பறையையோ பள்ளி மணியையோ பிள்ளைகளே பதிந்துவந்து போடும்போது நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் அடையாளம் திரையிசையால் கிடைப்பதில்லை.

பதிவு 6
வாணியம்பாடி உருதுவழி ஆசிரியர்

எங்கள் பள்ளியில் இருப்பது போல வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் உருதுவழி மாணவர்கள் கணிசமாக உள்ளனர். பயிற்சியில் தமிழ்த் தட்டச்சை மட்டும் காட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், பதிவின் திசையை மாற்றும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டினாலே எங்கள் ஆசிரியர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வலையொலியில் இந்தச் சிக்கலே இல்லை. எங்கள் மாணவர்கள் ஒரே நிகழ்ச்சியை உருதுவிலும் தமிழிலும் பேசித் தயாரித்தார்கள். தமிழ்ப் பதிப்புக்கு அவர்கள் உழைத்த அளவுக்குத் தமிழ்த் தேர்வுக்குக்கூட உழைத்ததில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பதிவு 7
வேலூர் வரலாற்று ஆசிரியை

ஒலியே முதலில் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டது போலத் தெரிவதால், நான் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. அனுபவத்தைச் சொல்வதற்கு ஒலி சிறந்தது. ஆதாரத்தைக் காட்டுவதற்கு எழுத்துதான் வேண்டும். என் பாடத்தில் ஆதாரமே பாடம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றி எங்கள் பிள்ளைகள் எழுதினார்கள். முதல் வரைவில் ஏறக்குறைய எல்லோரும், புதிய தலைப்பாகை உத்தரவுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் அது எங்கிருந்து கிடைத்தது என்ற இணைப்பு தரப்பட வேண்டும் என்று விதித்தவுடன் நிலைமை மாறியது. திப்பு சுல்தானின் பிள்ளைகள் அப்போது கோட்டையில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை ஒருவர் கண்டுபிடித்துவந்தார். கிளர்ச்சியை ஒடுக்கிய கில்லெஸ்பியின் குதிரைப்படை ஆற்காட்டிலிருந்து வந்தது என்பதை வரைபடத்தோடு இன்னொருவர் சேர்த்தார். கொல்லப்பட்ட சிப்பாய்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுவதைக் கண்ட மூன்றாமவர், எந்த எண்ணை எழுதுவது என்று என்னிடம் கேட்டார். இரண்டையும் எழுதி, யார் எதைச் சொல்கிறார்கள் என்று குறிப்பிடச் சொன்னேன். ‘இந்தியாவின் முதல் விடுதலைப் போர்’ என்ற தொடரைப் பயன்படுத்தலாமா என்பதில் வகுப்பு பிளவுபட்டது. அது நிகழ்ச்சியா, நிகழ்ச்சியைப் பற்றிய மதிப்பீடா என்று எட்டாம் வகுப்பில் வாதாடியதை நான் வேறெந்த முறையிலும் கண்டதில்லை.

அடுத்ததாக, பாலாற்றங்கரை முத்து மண்டபத்தைப் பற்றி எழுதினார்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் ஆட்சியை இழந்து, வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே இறந்தான் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஒலியாக வெளியிட்டிருந்தால் ஒரு நாள் கேட்டு மறந்திருப்பார்கள். எழுத்தாக இருப்பதால் அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதைப் படித்து, பிழை இருந்தால் திருத்தி, மேலும் எழுதும்.

கருத்துப் பகுதியை முழுவதுமாக மூடிவிடவும் வேண்டாம். வேறொரு பள்ளியின் ஒரு வகுப்போடு பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் பதிவை மற்றவர் படித்து ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தால் போதும். ‘சூப்பர்’, ‘வாழ்த்துகள்’ என்பவை அனுமதிக்கப்படுவதில்லை.

பதிவு 8
குடியாத்தம் தமிழாசிரியை

வரலாற்று ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. இணைப்பு தருவதற்கு இணையத்தில் எழுதப்பட்ட ஆதாரம் இருக்க வேண்டும். கோட்டைக்கு அது உண்டு. தறிக்காரருக்கும் பீடி சுற்றும் தாய்க்கும் இல்லை. அவர்கள் சொன்ன ஒலிப்பதிவே ஆதாரம். அதைப் பதிந்த நாள், இடம் ஆகியவற்றைக் குறித்துவைக்கப் பழக்கினால் உங்கள் பாடமும் என் பாடமும் ஒன்றாகிவிடும். மற்றபடி, எங்கள் வகுப்பிலும் ‘சூப்பர்’ தடைசெய்யப்பட்டதுதான்.

பதிவு 9
ஜவ்வாது மலை அறிவியல் ஆசிரியர்

மலைமேல் எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் இணைய இணைப்பு மழை நாளில் கொஞ்சமும் கிடைக்காது. ஆகவே நாங்கள் எதையும் இணையத்தில் ஏற்றுவதில்லை. வாரம் ஒரு நிகழ்ச்சி தயாரித்து, வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் போடுகிறோம். பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோருக்கு ப்ளூடூத் வழியாகவோ நினைவக அட்டையிலோ கொடுத்தனுப்புகிறோம். எழுத்து வடிவத்தைச் சுவரில் ஒட்டுகிறோம், கீழே வெற்றிடம் விட்டு. படிப்பவர்கள் பென்சிலால் கேள்வி எழுதுகிறார்கள். இதை வலைப்பூ என்று ஒப்புக்கொள்வீர்களோ என்னவோ, மாணவர்கள் அதிலிருந்து பெறுவது அதேதான்.

எங்களுக்குப் பக்கத்திலுள்ள காவலூர் வானாய்வகத்தைப் பற்றி ஒரு தொடரே செய்தோம். 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியையும், 1977-இல் யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைக் காவலூரிலிருந்தும் பதிவு செய்தார்கள் என்பதையும் பிள்ளைகள் தங்கள் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டியிருந்தது. ஒரு விண்மீனுக்கு முன்னால் வளையங்களோடு கோள் கடக்கும்போது ஒளி விட்டுவிட்டு மங்குவதை, படம் எதுவும் காட்டாமல் குரலால் மட்டும் எப்படிப் புரியவைப்பது என்று அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதற்குள் மறைப்பு என்ற பாடம் முழுவதும் அடங்கிவிட்டது. எந்தப் பாடத்தை ஒலிக்குத் தரலாம் என்று ஆசிரியர்கள் கேட்டால், படம் இல்லாமல் விளக்கக் கடினமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பதிவு 10
ஆற்காடு தலைமையாசிரியர்

வெட்டி ஒட்டுவதை மாணவர்களே செய்கிறார்கள் என்பதும், நான்கு நிமிடம் இரண்டு மெகாபைட்தான் என்பதும் எனக்குப் புதிய செய்திகள். இதை வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவே (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) கணக்கில் எடுத்துக்கொண்டால் ஆசிரியருக்குக் கூடுதல் சுமை ஆகாது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். எழுதிய உரை, கேட்ட கேள்விகள், பேசிய விதம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் தரலாம், கருவியைக் கையாண்டதற்குத் தரக் கூடாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. பணிமாறுதல் கலந்தாய்வு முடிந்து ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போனால், அவருடைய சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய வலைப்பூ அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் புதிதாகத் தொடங்குகிறார். பயிற்றுநர் முதல் பதிவில் குறிப்பிட்ட, ஓரிரு பதிவோடு நின்ற வலைப்பூக்கள் பலவற்றின் கதை இதுவாகத்தான் இருக்கும்.

பதிவு 11
ராணிப்பேட்டை கணினிப் பயிற்றுநர்

அதற்கு வழி உண்டு, ஐயா. பள்ளியின் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, அதன் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் தலைமையாசிரியரிடம் இருக்கட்டும். வலைப்பூவை அந்த மின்னஞ்சலில் உருவாக்கி, ஆசிரியர்களை எழுதுபவர்களாக அழைத்தால், ஒருவர் மாறிச் சென்றாலும் பதிவுகள் அங்கேயே நிற்கும். இருவரையாவது நிர்வாகிகளாக வைத்திருங்கள். பருவத்துக்கு ஒருமுறை வலைப்பூவின் காப்புநகலைத் தரவிறக்கி, ஒலிக்கோப்புகளோடு சேர்த்துப் பள்ளியிலுள்ள ஒரு பென்டிரைவில் போட்டுவைப்பதும் நல்லது. கோப்புகளின் பெயரில் ஆண்டு, வகுப்பு, பொருள் ஆகியவை இருக்கட்டும். ‘பதிவு புதியது 2 இறுதி’ என்ற பெயரில் இருப்பதை அடுத்த ஆண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பதிவு 12
காட்பாடிப் பயிற்றுநர்

அனைவருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் சனிக்கிழமை கணினி இல்லை. ஆசிரியர்கள் தாங்கள் அடுத்த மாதம் நடத்தப்போகும் ஒரு பாடத்தோடு வர வேண்டும், அதை யார் கேட்பதற்காகவோ யார் படிப்பதற்காகவோ தயாரிக்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு ஒருவரை ஒருவர் நேர்காணல் செய்ய வேண்டும். அடுத்த அமர்வுக்கு முன் நான் ஒவ்வொரு பள்ளிக்கும் சென்று ஒரு பாடவேளை உடன் அமர்ந்திருப்பேன். கணக்குத் தொடங்குவதும் அமைப்புகளை மாற்றுவதும் பதிவேற்ற ஒரு நிகழ்ச்சி கையில் வந்த பிறகுதான். குடியாத்தம் ஆசிரியை அவர்கள் மாணவிகளின் ஒரு நிகழ்ச்சியை, பெற்றோர் இசைவோடு, முதல் நாளில் போட்டுக்காட்டத் தர முடியுமா? தலைமையாசிரியர் ஐயா இசைவுப் படிவத்தின் வரைவைப் பார்த்துத் தந்தால் நன்று.

பதிவு 13
குடியாத்தம் தமிழாசிரியை

தருகிறேன். மெருகேற்றிய இறுதி வடிவத்தோடு முதல் வரைவையும் சேர்த்தே அனுப்புகிறேன். முதலில் வரைவைப் போடுங்கள். எதை மாற்றலாம் என்று ஆசிரியர்களே சொன்ன பிறகு இறுதி வடிவத்தைப் போடலாம்.

பதிவு 14
ஆற்காடு தலைமையாசிரியர்

நான் வேறு மாவட்டத்தில் இருப்பதால் நேரில் வர இயலாது. படிவத்தை நானே எழுதி அனுப்புகிறேன். கொடுத்த இசைவைப் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதையும், அப்படிக் கேட்டால் எத்தனை நாளில் பதிவு நீக்கப்படும் என்பதையும் அதில் சேர்க்கிறேன். உருது வடிவத்தை வாணியம்பாடி நண்பர் பார்த்துக்கொண்டால், இரண்டும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அச்சாகட்டும்.